சிவப்புக் கேனும் நீலக் கேனும்

எத்தனால் கலந்த பெட்ரோல் இனி ஒரு சொட்டுகூடத் தன் காருக்குள் இறங்காது என்று அஞ்சு லிட்டர் ஒரு திங்கட்கிழமை காலை முடிவெடுத்தார். பல் விளக்கும்போது எடுத்த முடிவு. அப்படியே அறிவித்தும் விட்டார். வாய் நிறைய நுரை. துப்பிவிட்டுச் சொல்லச் சொன்னாள் மனைவி. துப்பிவிட்டுச் சொன்னார். அதற்குள் முடிவின் கம்பீரத்தில் பாதி, நுரையோடு போய்விட்டிருந்தது.

அஞ்சு லிட்டர் என்பது தெரு வைத்த பெயர். மனிதர் முப்பத்தொரு வருஷம் எடையளவு இன்ஸ்பெக்டராக இருந்தவர். திடீரென்று ஏதாவது ஒரு பெட்ரோல் பங்கில் போய் நிற்பார். பித்தளையில் செய்த ஐந்து லிட்டர் அளவுக் குடுவையை நீட்டி, போடு என்பார். கோட்டுக்கு ஒரு நூல் கீழே நின்றால் போதும், அந்த பம்புக்குச் சீல். கெஞ்சினாலும் சீல். சாப்பிடக் கூப்பிட்டாலும் சீல். ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகிறது. ஆபீஸில் கழித்துப்போட்ட குடுவை ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து கூடத்தில் வைத்திருக்கிறார். கல்யாண போட்டோ அதற்குப் பின்னால் பாதி தெரியும்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த மூடியையும் அவர் சும்மா மூடமாட்டார். இறுக்குவார். பெட்ரோலோடு பழகிய கை. விட்டால் ஆவியாகிவிடும் என்ற பயம். அந்தப் பயம் ஜாம் பாட்டிலுக்கும் உண்டு, சர்க்கரை பாட்டிலுக்கும் உண்டு. சர்க்கரை எங்கே ஆவியாகும் என்று மனைவி கல்யாணமான புதிதில் கேட்டாள். ஈரம் உள்ளே வரும் என்றார். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. சமையலறையில் கரண்டிகள் தொங்கும் வரிசையில் கடைசியாக ஒரு கட்டிங் பிளேயரையும் மாட்டிவைத்தாள். முப்பது வருஷமாக அந்த வீட்டில் காபி போடுவதற்கு முதலில் எடுப்பது பிளேயர்தான்.

மனைவி தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். தெருவுக்கு அவள் சிஸ்டர். அதிகம் பேசமாட்டாள். ஊசி போடப் போகும் ஆள் அதிகம் பேசக்கூடாது என்பது அவள் கட்சி.

இனி கார். அதற்கு இருபத்திரண்டு வயது. அஞ்சு லிட்டரைத் தவிர வேறு யாரும் அதை ரோட்டில் ஓட்டியதில்லை. மனைவி மூன்று வருஷத்துக்கு முன் லைசென்ஸ் எடுத்தாள், முதல் தடவையிலேயே. அஞ்சு லிட்டர் அந்தக் காலத்தில் மூன்றாவது தடவையில் எடுத்தவர். அந்தப் பேச்சை அவர் வீட்டில் எடுப்பதில்லை. லைசென்ஸ் வந்த பிறகு அவள் காரை ஓட்டியது ஒரே ஒரு முறை. ஷெட்டிலிருந்து கேட் வரைக்கும், கழுவுவதற்காக. அப்போதும் அவர் கூடவே நடந்து வந்தார், பானட்டில் கையை வைத்துக்கொண்டு.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின சனிக்கிழமைதான் அவளுக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு ஆஸ்பத்திரி. புதிதாகச் சேர்ந்த நர்ஸுகளுக்குப் பயிற்சி கொடுக்க வாரத்தில் இரண்டு நாள் வரமுடியுமா என்று கேட்டிருந்தார்கள். திங்களும் வியாழனும். அவள் கடிதத்தை இரண்டு முறை படித்தாள். மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். பஸ்ஸில் போனால் இரண்டு இடத்தில் மாறவேண்டும், ஒன்றரை மணி நேரம் ஆகும், அதனால் காரை எடுத்துக்கொண்டு போகிறேன் என்றாள்.

ஞாயிறு சாயங்காலம் அவள் இதைச் சொன்னாள். திங்கள் காலை அவர் எத்தனாலைக் கண்டுபிடித்தார்.

காரணம் பக்காவாக இருந்தது. இந்தக் கார் எத்தனாலுக்குச் செய்த கார் இல்லை. கலந்த பெட்ரோல் பட்டால் ரப்பர் குழாயெல்லாம் ஊறிப்போகும். மழைக்காலத்தில் தண்ணீரை இழுக்கும். மைலேஜ் விழும். கலக்காத பெட்ரோல் கிடைப்பது நெடுஞ்சாலைப் பங்க் ஒன்றில்தான். அது இருபத்திரண்டு கிலோமீட்டர், ஆஸ்பத்திரிக்கு நேர் எதிர்த் திசையில். ஆகையால் அவர் காரைக் கண்ணும் கருத்துமாகக் கொஞ்சமாக ஓட்டுவார். அவள் பஸ்ஸில் போவதே காருக்கு நல்லது.

இதில் இன்னொரு உள்விவகாரமும் உண்டு. மனைவியின் தம்பி ஒரு சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கிறான். எந்தப் பிரிவில் என்றால், எத்தனால் வடிக்கும் பிரிவில். மச்சானும் மாமாவும் போனில் இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அரை மணி நேரத்துக்குக் குறையாது. கரும்பு போட்டவனுக்கு நாலு காசு கிடைக்கும் என்பான் மச்சான். கரும்புக்கு ஊற்றும் தண்ணீரை யார் கொடுப்பார்கள் என்பார் இவர். புகை குறையும் என்பான். உனக்குச் சம்பளம் கூடும் என்பார். கடல் தாண்டி எண்ணெய் வாங்குவது மிச்சம் என்பான். என் குழாய் போனால் உங்கள் ஆலை மாற்றித் தருமா என்பார். இரண்டு பக்கமும் கொஞ்சம் நியாயம் இருந்தது. அதனால் பேச்சு முடிவதே இல்லை.

மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். தட்டைக் கழுவி வைத்தாள். கையைத் துடைத்தாள்.

"மைலேஜ் குறையும்னு சொல்றீங்களே, அளந்து பார்த்தீங்களா?"

அளந்து பார்த்தீர்களா என்று அஞ்சு லிட்டரைப் பார்த்து இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்பவர் அவர்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு, இன்றைக்கே அளக்கலாம் என்றார்.

அவசரம் வேண்டாம், முறையாகச் செய்யலாம் என்றாள் அவள். ஆஸ்பத்திரியில் புது மருந்தைச் சோதிக்கும்போது என்ன செய்வார்கள் என்று விளக்கினாள். இரண்டு மாத்திரை. பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஒன்றில் மருந்து, இன்னொன்றில் வெறும் மாவு. எது எது என்று நோயாளிக்கும் தெரியாது, கொடுக்கிற நர்ஸுக்கும் தெரியாது. கடைசியில் கவரைப் பிரித்தால்தான் தெரியும். தெரிந்துவிட்டால் மனசு ஒரு பக்கம் சாயும் பாருங்கள், அதற்காக.

"என் மனசு சாயாது" என்றார் அவர்.

"சாயாதுன்னா இப்படிச் செய்யறதுல என்ன கஷ்டம்?"

கஷ்டம் ஒன்றும் இல்லை என்று சொல்வதைத் தவிர அவருக்கு வழி இல்லை. தராசுக்குக் கண் இல்லை, அதனால்தான் அது நேர்மையாக இருக்கிறது என்று முப்பத்தொரு வருஷம் கடைக்காரர்களுக்குச் சொற்பொழிவு செய்தவர்.

பந்தயம் அங்கேயே முடிவானது. எத்தனால் கலந்த பெட்ரோலில் மைலேஜ் ஒரு இம்மி குறைந்தாலும் அவள் பஸ்ஸில் போவாள். கார் என்ற வார்த்தையை மறுபடி எடுக்கமாட்டாள். குறையாவிட்டால் திங்களும் வியாழனும் சாவி அவளிடம். அவர் பக்கத்து ஸீட்டில்கூட வரக்கூடாது.

நடுவர், தெருக்கோடியில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக். கெட்டிக்காரர். எந்தப் பக்கமும் பேசமாட்டார், இரண்டு பக்கமும் வாடிக்கை. செவ்வாய்க்கிழமை சிஸ்டரை வேனில் ஏற்றிக்கொண்டு போனார். நெடுஞ்சாலைப் பங்கில் ஒரு கேன், தெருமுனைப் பங்கில் ஒரு கேன். இரண்டும் ஒரே மாதிரியான கேன், ஒரே அளவு பெட்ரோல். ஷெட்டுக்கு வந்ததும் மெக்கானிக்கை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, சிஸ்டர் தனியாக ஒன்றில் சிவப்பு டேப்பும் மற்றதில் நீல டேப்பும் ஒட்டினாள். எது எது என்று ஒரு தாளில் எழுதி, கவரில் போட்டு, முதல் ஓட்டம் தொடங்கும் வியாழக்கிழமை காலை மெக்கானிக் கையில் கொடுப்பதாக ஏற்பாடு. நடுவில் புதன்கிழமை. காரின் டாங்கைக் காலி செய்யவும் பிளக்கைச் சுத்தம் செய்யவும் மெக்கானிக்குக் கொடுத்த நாள்.

அந்தப் புதன்கிழமைதான் அஞ்சு லிட்டரைக் கெடுத்தது.

அவர் கெட்டவர் இல்லை. தோற்றுவிடுவோமோ என்ற சந்தேகமும் அவருக்கு இல்லை. எத்தனால் மைலேஜைக் குறைக்கும் என்று மனசார நம்பினார். ஆனால் எவ்வளவு குறைக்கும்? அங்கேதான் இடித்தது. கொஞ்சமாகக் குறைந்தால் காற்று, டயர், சிக்னல் என்று இவள் ஏதாவது சொல்வாள். மச்சான் போனில் சிரிப்பான். உண்மை ஜெயித்தால் மட்டும் போதாது, பார்க்கிறவன் வாயடைத்து நிற்கும்படி ஜெயிக்கவேண்டும். அதற்கு ஒரு சின்ன உதவி. எந்தக் கேன் எது என்று தெரிந்தால் போதும். மற்றதைக் கால் பார்த்துக்கொள்ளும்.

மெக்கானிக் மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போவார். ஷெட்டின் பக்கக் கதவுக்கு வெறும் கொக்கிதான். அஞ்சு லிட்டர் ஒரு துணிப்பைக்குள் அளவுக்கோடு போட்ட தன் பழைய கண்ணாடி சிலிண்டரையும், ஒரு பாட்டில் தண்ணீரையும் வைத்துக்கொண்டு போனார். யாராவது கேட்டால் டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்வதாக உத்தேசம். யாரும் கேட்கவில்லை. அது அவருக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

சோதனை சுலபம். பத்து மில்லி தண்ணீர், அதன் மேல் தொண்ணூறு மில்லி பெட்ரோல். அடைப்பானைப் போட்டுக் குலுக்கி வைத்துவிடவேண்டியது. எத்தனாலுக்குப் பெட்ரோலைவிடத் தண்ணீர் மேல்தான் பாசம். பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். அடியில் நிற்கும் தண்ணீர் உயர்ந்தால் எத்தனால் இருக்கிறது, உயராவிட்டால் இல்லை.

நீலக் கேனில் பத்து பத்தாகவே நின்றது. சிவப்புக் கேனில் இருபத்தேழைத் தொட்டது.

சிவப்புதான் எத்தனால். அவர் சிலிண்டரைத் துடைத்தார். சோதித்ததைக் கழிவு ஆயில் பீப்பாயில் கொட்டினார். கேன்களை இருந்த இடத்தில், இருந்த கோணத்தில், கைப்பிடி சுவர்ப்பக்கம் இருக்கும்படி வைத்தார். தரையில் சிந்திய இரண்டு சொட்டையும் துணியால் ஒற்றி எடுத்தார். தடயம் விடாத ஆள். பங்குக்காரன் செய்யும் தில்லுமுல்லு அத்தனையும் பார்த்தவருக்கு இது ஒரு வேலையா. கடைசியாக இரண்டு மூடியையும் மூடிவிட்டு, கொக்கியைப் போட்டுவிட்டு வந்தார்.

அன்று சாயங்காலம் மனைவி, கேனெல்லாம் பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி ஷெட் வரைக்கும் போனாள். அரை மணியில் திரும்பிவந்தாள். டேபிளில் உட்கார்ந்து ஏதோ எழுதினாள், கவரில் போட்டு ஒட்டினாள். பிறகு அவர் கேட்காமலே ஒரு டீ போட்டுக் கொடுத்தாள். அவர் அதைக் குடித்துக்கொண்டே, பாவம், பஸ்ஸில் ஜன்னலோர ஸீட் கிடைக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை ஷெட்டில் சிவப்புக் கேன் தயாராக நின்றது. பக்கத்தில் தரையில் ஒரு பைப் ரிஞ்ச் கிடந்தது. மெக்கானிக் ஷெட்டில் ரிஞ்ச் கிடக்காமல் வேறென்ன கிடக்கும். கவர் கைமாறியது. மெக்கானிக் அதைச் சுவரில் ஆணியடித்து மாட்டினார். அஞ்சு லிட்டரின் பித்தளைக் குடுவையில் கோடு வரைக்கும் அளந்து ஐந்து லிட்டரையும் காலி டாங்கில் ஊற்றினார். போகவேண்டியது ஊருக்கு வெளியே இருக்கும் தண்ணீர்த் தொட்டி வரைக்கும், திரும்பி வரவேண்டியது ஷெட்டுக்கு. நாற்பது கிலோமீட்டர். மிச்சத்தை வடித்து அளந்தால் கணக்கு வந்துவிடும். மனைவி சாட்சியாகப் பக்கத்து ஸீட்டில்.

முந்தின நாள் ஷெட்டுக்குப் போனபோதே அவர் நாலு டயரிலும் கொஞ்சம் காற்றை இறக்கியிருந்தார். அது தொடக்கம்தான். மூன்றாவது கியருக்குப் போகவேண்டிய இடத்தில் இரண்டிலேயே இருந்தார். க்ளட்சின் மேல் காலை நாற்காலியில் வைப்பதுபோல் வைத்துக்கொண்டார். ஆக்ஸிலேட்டரை மிதித்தார், உடனே பிரேக்கை மிதித்தார். ஜன்னல் நாலையும் திறந்துவிட்டார். ஏசியையும் போட்டார்.

"இன்னைக்கு வண்டி ரொம்பக் கத்துதே" என்றாள் மனைவி.

"அது எந்த பெட்ரோல்னு எனக்கு எப்படித் தெரியும்" என்றார் அவர், கேட்காத கேள்விக்கு.

தண்ணீர்த் தொட்டி அருகே திரும்பும்போது எஞ்சின் அணைந்தது. மறுபடி கிளப்பும் சாக்கில் நின்ற இடத்திலேயே இரண்டு நிமிஷம் உறுமவிட்டார். மரத்திலிருந்த காக்கைகள் வேறு மரத்துக்குப் போயின. மனைவி தன் பக்கத்து ஜன்னல் வழியாக ரோட்டோரத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள். வழியில் இருந்த பெட்ரோல் பங்குகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியதுபோல் இருந்தது.

வடித்து அளந்தார்கள். மிச்சம் ஒன்றே கால் லிட்டர். மூன்றே முக்கால் லிட்டர் குடித்திருக்கிறது. லிட்டருக்குப் பதினொன்றுகூட வரவில்லை. மெக்கானிக் புருவத்தைத் தூக்கினார். அஞ்சு லிட்டர் நோட்டில் எழுதி, தேதி போட்டு, மெக்கானிக்கிடம் கையெழுத்து வாங்கினார். முகத்தில் துக்கம் காட்டினார்.

வெள்ளிக்கிழமை நீலக் கேன். அதே நேரம், அதே ரோடு. டயரில் காற்று திரும்ப ஏறியிருந்தது, வேண்டியதற்குக் கொஞ்சம் கூடவே. ஜன்னல் மூடியிருந்தது. அஞ்சு லிட்டர் செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் காலால் ஓட்டினார். பிறந்த குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவருவதுபோல் ஓட்டினார். இறக்கம் வந்தபோதெல்லாம் கியரை நியூட்ரலில் தள்ளி, மூச்சையும் பிடித்துக்கொண்டு உருளவிட்டார். தூரத்தில் சிக்னல் சிவப்பாக இருந்தால் நிற்காமல் ஊர்ந்து, அது பச்சையாகும் வரைக்கும் ஊர்ந்து, போய்ச் சேர்ந்தார். பால் கேன் கட்டிய சைக்கிள் ஒன்று அவர்களைத் தாண்டிப் போனது. சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்து, ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டார்.

"வேண்டாம், சோதனை நடக்குது" என்றாள் மனைவி.

வியர்த்து ஊற்றியது. ஏசி போட்டால் பெட்ரோல் குடிக்கும். மனைவி கைக்குட்டையை எடுத்து அவர் நெற்றியைத் துடைத்துவிட்டாள். இவ்வளவு அன்பாக அவள் நடந்துகொண்டு ரொம்ப நாளாயிற்று. அவருக்கு மனசு கொஞ்சம் உறுத்தியது. உறுத்தலைப் பொருட்படுத்தினால் கவனம் சிதறும், கவனம் சிதறினால் மைலேஜ் போகும். விட்டுவிட்டார்.

மிச்சம் இரண்டரை லிட்டர். லிட்டருக்குப் பதினாறு. இந்தக் கார் புதிதாக வந்த காலத்தில்கூடப் பதினாறு கொடுத்ததில்லை.

சனிக்கிழமை காலை கவர் பிரிப்பு. அஞ்சு லிட்டர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். கவரைத் தொடுவதற்கு முன் இரண்டு வார்த்தை பேச விரும்பினார். இரண்டு வார்த்தை கால் மணி நேரம் போனது. அளவு என்பது அளவு. அதற்கு மாமன் மச்சான் கிடையாது. இந்த நோட்டில் இருப்பதே முடிவு, இதன் மேல் அப்பீல் இல்லை, மறு ஓட்டம் இல்லை, சாக்குப்போக்கு இல்லை. இதற்குச் சம்மதம் என்று இரண்டு பேரும் கையெழுத்துப் போடவேண்டும். மனைவி போட்டாள். அவர் அதற்குக் கீழே, பம்புக்குச் சீல் வைக்கும் காலத்தில் போடுவாரே அந்தப் பெரிய கையெழுத்தைப் போட்டார்.

மெக்கானிக் கவரைக் கிழித்துப் படித்தார்.

"சிவப்பு, நெடுஞ்சாலை பங்க். கலக்காத பெட்ரோல். நீலம், தெருமுனை பங்க். எத்தனால் கலந்தது."



"தப்பு" என்றார் அஞ்சு லிட்டர். "தப்பா எழுதியிருக்கு. சிவப்புதான் எத்தனால்."

மனைவி அவரைப் பார்த்தாள். நாடி பிடிக்கும்போது பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எஞ்சின் சத்தத்தில் தெரிந்தது என்றார். அதைச் சொன்ன குரல் அவருக்கே நம்பும்படியாக இல்லை.

சந்தேகம் இருந்தால் தீர்த்துக்கொள்ளலாமே என்றாள் அவள். கேன் இரண்டிலும் மிச்சம் இருக்கிறது. தண்ணீர் ஊற்றிக் குலுக்கினால் தெரியுமாமே, தம்பி சொல்லியிருக்கிறான். வீட்டில் உங்கள் சிலிண்டர்கூட இருக்கிறது. எடுத்துவரட்டுமா?

எடுத்துவந்தாள். அவர் கையாலேயே செய்தார். சிவப்பில் பத்து பத்தாகவே நின்றது. நீலத்தில் இருபத்தேழு. சிவப்பை மறுபடி எடுத்துக் குலுக்கினார். மறுபடி பத்து. சிலிண்டரை வெளிச்சத்தில் பிடித்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், கண்ணாடி போட்டுப் பார்த்தார். மூன்று நாளில் எத்தனால் ஒரு கேனிலிருந்து இன்னொரு கேனுக்கு நடந்து போகுமா? முப்பத்தொரு வருஷ சர்வீஸில் அப்படி ஒன்றை அவர் கேள்விப்பட்டதில்லை.

அவர் நோட்டு, அவர் கையெழுத்து, அவர் குடுவை. எத்தனால் கலந்த பெட்ரோல் பதினாறு, கலக்காதது பதினொன்றுக்கும் கீழே. ஆலைக்காரர்களே விளம்பரம் போடக் கூச்சப்படும் கணக்கு. அதை எழுதியவர் எத்தனாலின் பரம எதிரி.

"ஆச்சரியமா இருக்கு சார்" என்றார் மெக்கானிக், கையைத் துடைத்துக்கொண்டே. "கலந்தா ஒரு அஞ்சு, ஆறு சதவீதம் குறையத்தான் செய்யும். சிஸ்டரோட தம்பியே அப்படித்தான் சொன்னாராம். பழைய வண்டி வேற. நீங்கதான் ஜெயிப்பீங்கன்னு நாங்க ரெண்டு பேருமே நெனச்சோம்."

அதாவது, ஒழுங்காக ஓட்டியிருந்தால் ஜெயித்திருப்பார். இந்த விஷயம் அவருக்குள் இறங்கக் கொஞ்ச நேரம் ஆனது. இறங்கிய பிறகு அவர் அங்கே கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை முழுதும் வீட்டில் யாரோடும் பேசவில்லை. வீட்டில் இருந்ததே ஒரு ஆள்தான். டாங்க் நிறைந்திருக்கிறதா என்று சாயங்காலம் போய் மூடியைத் திறந்து பார்த்து, முள்ளும் அடியில் இருப்பதைக் கண்டு, மூடியை மூடிவிட்டுத் திரும்பிவந்தார்.

திங்கட்கிழமை காலை அவள் வெள்ளைப் புடவை கட்டி, தலையை வாரி, கைப்பையோடு சமையலறை வாசலில் நின்றாள். கையில் சாவி. அவர் காபிக்கு வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தார். இரண்டு நாள் அடக்கிவைத்திருந்ததைக் கேட்டுவிட்டார்.

"டேப்பை மாத்தினியா?"

"மாத்தினேன். புதன்கிழமை சாயங்காலம். மாத்தினதுக்கு அப்புறம்தான் கவர் எழுதினேன். கவர்ல ஒரு எழுத்து பொய் இல்ல."

"அது ஏமாத்து வேலை."

"ஒழுங்கா ஓட்டியிருந்தா, எந்தக் கேன்ல எந்த டேப் இருந்தா உங்களுக்கு என்ன?"

அவர் அடுப்பைப் பார்த்தார். இதற்குப் பதில் தராசில் இல்லை, குடுவையில் இல்லை, சர்வீஸ் புத்தகத்தில் இல்லை. ஆனால் ஒரு விஷயம் மட்டும் அரித்துக்கொண்டே இருந்தது. கொக்கி போட்டது போட்டபடி. கேன் வைத்தது வைத்தபடி. சொட்டைக்கூடத் துடைத்தாகிவிட்டது. ஆள் யாரும் பார்க்கவில்லை.

"நான்தான் திறந்தேன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அவள் கரண்டி வரிசைக்குப் போனாள். கடைசியில் தொங்கிய கட்டிங் பிளேயரை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"அதை எதுக்கு எடுத்துட்டுப் போற?"

"வழியில பெட்ரோல் போடணும். டாங்க் மூடியை நேத்து மூடினது நீங்கதானே. புதன்கிழமை சாயங்காலம் அந்தக் கேன் ரெண்டையும் திறக்க மெக்கானிக் பைப் ரிஞ்ச் எடுக்கவேண்டியதாப் போச்சு, பாவம்."

கார் ஒரே கிளப்பில் கிளம்பியது. இரண்டு, மூன்று, நாலு என்று கியர் விழுந்த சத்தம் தெருமுனை வரைக்கும் சுத்தமாகக் கேட்டது. அஞ்சு லிட்டர் சர்க்கரை பாட்டிலைக் கையால் திருகிப் பார்த்தார். துணி போட்டுத் திருகிப் பார்த்தார். முழங்காலில் இடுக்கிக்கொண்டு திருகிப் பார்த்தார். முந்தின ராத்திரி மூடியது அவர்தான்.

அன்றைக்கும், அதற்கப்புறம் வந்த எல்லாத் திங்கள் வியாழனிலும், அவர் காபியைச் சர்க்கரை இல்லாமல் குடித்தார்.